கார்டா, வளையலா? 3,000 வெள்ளி ஃபிரிட்ஜுக்கு ஒரு கணக்கு

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. ரிப்பேர்காரர் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரெசர் போச்சும்மா, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். சித்தி மனதில் வைத்திருந்த ஃபிரிட்ஜின் விலை 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வீட்டில் இருந்தது 1,150. பாயான் லெப்பாஸ் பாக்டரியில் வேலை செய்யும் தம்பி, கார்டில் தேய்த்துவிடலாம் என்றான். சித்தியோ ரெண்டு வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

"கார்டுக்கு மாசம் ஒன்றரை வட்டி, அடகுக்கு ரெண்டு. இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்றான் தம்பி.

அவன் சொன்ன எண்களில் தப்பில்லை. மலேசியாவில் கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டு வட்டி மூன்று படிகளில் இருக்கிறது. 12 மாதமும் தவறாமல் கட்டியவருக்கு 15 விழுக்காடு, 10 மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. பதினெட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றரை. 1972-ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் மாதம் 2 விழுக்காடு வரை வாங்கலாம். வட்டி வீதத்தை மட்டும் பார்த்தால் தம்பி பேச்சுதான் நியாயம்.

கார்டு, முழுசாகக் கட்டினால்

இதற்குப் போட்டியே கிடையாது. பில் தயாராகும் தேதியிலிருந்து குறைந்தது 20 நாள் வட்டியில்லாத அவகாசம் உண்டு. பில் தேதிக்கு மறுநாள் சாமான் வாங்கினால் ஏறக்குறைய 50 நாள் அடுத்தவர் காசில் ஓட்டலாம். கார்டு திருடு போய் யாராவது தேய்த்தாலும், உங்கள் பக்கம் தப்பில்லாமல் உடனே தகவல் சொல்லியிருந்தால் உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 250 வெள்ளி. ஆன்லைனில் வாங்கும்போது டெபிட் கார்டை விட இதையே நான் எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. டெபிட்டில் போனது என் சம்பளக் காசு, அது திரும்பி வரும்வரை சோற்றுக்கு நான்தான் வழி பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு கார்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் 50 நாளில் 3,000 வெள்ளியை ஒரே மூச்சில் கட்ட முடிகிற வீட்டில் இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது.

கார்டு, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால்

இந்தக் குழியில் நானே விழுந்து எழுந்தவள். முதல் வேலை கிடைத்த புதிதில், ஒரு பேரங்காடி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், கார்டுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பினால் சக்கரம் வைத்த பயணப் பெட்டி இலவசம் என்றார்கள். பெட்டியின் சக்கரம் ஒரே வருஷத்தில் கழன்று விழுந்தது. கார்டுக் கடன் அதற்கப்புறமும் ஓடிக்கொண்டிருந்தது.

பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இதில் எது அதிகமோ அதைக் கட்டினால் போதும். 3,000 வெள்ளிக்கு முதல் மாதம் 150 சொச்சம்தான் வரும், கையைக் கடிக்காது. தம்பிக்காக ஒரு நோட்டில் மாதா மாதம் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினால் கையிலிருந்து போவது சுமார் 1,500 வெள்ளி. கடன் குறைந்திருப்பதோ 1,060. இன்னும் 1,940 பாக்கி நிற்கும். கடன் குறையக் குறைய கட்ட வேண்டிய தொகையும் சுருங்குவதால், அது இழுத்துக்கொண்டே போகும். கடைசி வெள்ளியைக் கட்டி முடிக்க நாலரை வருஷம் ஆகும், வட்டி மட்டும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும்.

இன்னொரு கொக்கியும் இருக்கிறது. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் எதற்கும் அந்த 20 நாள் சலுகை கிடையாது. கார்டில் வாங்கும் மளிகைக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

சித்தி தம்பியின் கார்டு பில்லை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அடகுச் சீட்டுல மீட்க வேண்டிய தேதி போட்டிருக்கும். இதுல எங்கம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். கட்ட வேண்டிய கடைசி நாள் இருந்தது. கடன் முடியும் நாள் இல்லை.

பூஜ்ய விழுக்காட்டுத் தவணை

கார்டிலேயே மாதம் 250 வீதம் 12 மாதம், வட்டி கிடையாது, முடியும் தேதியும் தெரியும். தம்பியின் முகம் மலர்ந்தது. நானும் இதற்குத்தான் சாய்ந்திருந்தேன். 3,000 வெள்ளியும் முதல் நாளே கார்டு வரம்பில் அடைபட்டுவிடும் என்பதையும், தவணையைக் கட்டத் தவறினால் அந்தப் பாக்கிக்கு வழக்கமான வட்டி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொண்டு எடுத்தால் சரி.

ஆனால் கடைக்குப் போனபோது சித்தி ஒரு கேள்வி கேட்டார்: "ரொக்கம்னா எவ்வளவு?" கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி 2,850 என்று காட்டினார்.

அந்த 150 வெள்ளிதான் 'வட்டியில்லா' தவணையின் வட்டி. 2,850 வெள்ளிப் பொருளுக்கு மாதம் 250 வீதம் ஒரு வருஷம் கட்டினால், குறைகிற பாக்கிக்கு ஆண்டு வட்டி ஏறக்குறைய ஒன்பதரை விழுக்காடு வருகிறது. கார்டு வட்டியைவிடக் குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றே என்று சொல்கிற கடையில் யோசிக்காமல் தவணை போடலாம்.

வளையல்

ரொக்க விலையில் கையிருப்பு 1,150 போக வேண்டியது 1,700 வெள்ளி. மாத வட்டி 34. தம்பிக்கு இரண்டு மாதத்தில் போனஸ் வரும், அப்போது மீட்டால் மொத்த வட்டி 68. ரொக்க விலையில் மிச்சம் 150. அதாவது பூஜ்யத் தவணையைவிட அடகு வைப்பது 82 வெள்ளி லாபம்! எனக்கே நம்ப முடியாமல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். நாலரை மாதத்தைத் தாண்டினால் இந்த லாபம் கரைந்துவிடும். ஆறு மாத கெடு தாண்டி மீட்காமலும் வட்டி கட்டிப் புதுப்பிக்காமலும் விட்டால், வளையல் ஏலத்துக்குப் போய்விடும். போனஸ் உறுதியில்லாத வீட்டுக்கு இந்த யோசனையை நான் சொல்லவே மாட்டேன். கார்டில் தோற்றால் காசு போகும், அடகில் தோற்றால் பாட்டி போட்ட வளையல் போகும். வங்கிகளும் கூட்டுறவுகளும் இஸ்லாமிய முறையில் நடத்தும் அடகான அர்-ரஹ்னுவில் வட்டிக்குப் பதில் நகையைப் பத்திரமாக வைத்திருப்பதற்கான கூலி, அது பெரும்பாலும் மலிவு. எந்த இனத்தவரும் போகலாம். சித்திக்கோ பழகிய கடைதான் வேண்டும்.

ரொக்கம் வேண்டுமென்றால் கார்டிலேயே ஏடிஎம்மில் எடுத்தால் என்ன என்று தம்பி கடைசியாக ஒரு தூண்டில் போட்டான். இதுதான் எல்லாவற்றிலும் மட்டமான வழி. எடுத்த உடனே 5 விழுக்காடு கட்டணம், அன்றைக்கே 18 விழுக்காடு வட்டியும் ஓட ஆரம்பிக்கும். 1,000 வெள்ளி எடுத்து ஒரு மாதத்தில் திருப்பினால் 65 வெள்ளி செலவு. அடகில் 20.

'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று தவணையில் ஒரு சட்டை வாங்கினால் பாதகமில்லை. நாலு செயலியில் நாலு சட்டை வாங்கினால், எந்தத் தேதியில் எதற்குக் காசு போகிறது என்று வாங்கியவருக்கே தெரியாது. 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நுகர்வோர் கடன் சட்டம் இவற்றையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது.

ஏற்கெனவே இரண்டு மூன்று கார்டில் பாக்கி நின்றால் இந்த ஒப்பீடெல்லாம் உங்களுக்கு உதவாது. 2006-இலிருந்து இயங்கும் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயின் அலுவலகம் பினாங்கிலும் இருக்கிறது. வங்கிகளுடன் பேசித் தவணையை மாற்றித் தருவார்கள், ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. பாலும் முறுக்கு மாவும் உள்ளே போவதற்கு முன்பே சித்தி அடகுச் சீட்டைக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். தேதியைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம். ஐஸ் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் தம்பி அதைப் பார்த்தே தீர வேண்டும்.