கிரான் டூரிஸ்மோ 7: ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு ரேஸ் விட விடாத கேம்

"அண்ணா, ஜிடி7 ஆஃபர்ல போட்டிருக்கான். ஆன்லைன்ல எல்லாம் ஆட மாட்டேன், தனியா ஆடறதுக்கு மட்டும் வாங்கலாமா?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான். ஜிடி7 என்றால் கிரான் டூரிஸ்மோ 7, பிளேஸ்டேஷனில் ஆடும் கார் ரேஸ் கேம். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. கிராஃபிக்ஸ் எப்படி, எத்தனை கார், எத்தனை டிராக் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். 2022 மார்ச்சில் கேம் வந்ததிலிருந்து விட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆன்லைன் பக்கமே போகாமல் தனியாளாக ஆடுகிறவனை இந்த கேம் எப்படி நடத்துகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போய்விடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் இதற்கு இணையான ஒரு கேமை நான் ஆடியதில்லை. லைசென்ஸ் டெஸ்ட்கள் பி, ஏ, ஐபி, ஐஏ, எஸ் என்று ஐந்து படி, படிக்குப் பத்து. முதல் டெஸ்ட்டில் செய்ய வேண்டியது கிளம்பி, நேராகப் போய், குறித்த இடத்துக்குள் நிறுத்துவது, அவ்வளவுதான். அதிலேயே தங்கம் வாங்க நான்கைந்து முறை பிரேக் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நான்கைந்து முறையில் பிரேக்கை எங்கே அழுத்துவது, எவ்வளவு அழுத்துவது என்பது காலுக்கோ விரலுக்கோ பிடிபட்டுவிடும். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்ட்ரோலரில் ஆடினால் பிரேக்குக்கான எல்2 பட்டன் விரலை எதிர்த்து நிற்கும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது அந்த பட்டனே துடிக்கும். ஸ்டியரிங் வீல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பயிற்சிப் பகுதி அதைவிட ஒரு படி மேல். ஒரு டிராக்கைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் வைத்து, கடைசியில் முழு லேப்பை, அதாவது ஒரு முழுச் சுற்றை, ஓட்டச் சொல்வார்கள். ஜெர்மனியில் இருக்கும் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப, 20.8 கிலோமீட்டர் காட்டுப்பாதை, இதை மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது. ஃபுக்ஸ்ரோர என்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு மலையிறக்கத்தில் போவோம். அடிவாரத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும், காரின் எடை முழுக்க டயரில் இறங்கும், ஸ்டியரிங் ஒரு நொடி கனத்துப்போகும். அடுத்த நொடி ஏற்றம். ஏறும்போதே பிரேக் பிடித்தாக வேண்டும். ஏனென்றால் மேலே அடெனாவர் ஃபோர்ஸ்ட் என்று இடதும் வலதுமாக ஒரு முடிச்சு காத்திருக்கிறது, வந்து சேரும் வரை அது கண்ணுக்கே தெரியாது. தெரியாதவர்கள் நேராகப் புல்லுக்குள் போவார்கள். துண்டு துண்டாகப் பழகியவன் அந்த ஏற்றத்தின் நடுவிலேயே காரை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பான். முழு லேப்பில் அந்த இடத்தைச் சுத்தமாகத் தாண்டிய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சரி, இவ்வளவும் கற்றுக்கொண்டு ரேஸுக்குப் போனால் என்ன ஆகிறது?

கேமுக்குள் ஒரு கஃபே இருக்கிறது. அங்கே லூகா என்பவர் மெனு புக் என்று, அடுத்து செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றைக் கொடுப்பார். முதல் மெனுவில் ஜப்பானின் சின்ன கார்கள் மூன்றைச் சேர்க்க வேண்டும். மூன்று ரேஸ் ஓட்டி, மூன்றாம் இடத்துக்குள் வந்தால் கார் பரிசு. இப்படியே மெனு மெனுவாகப் போய் 39-வது மெனுவில் சாம்பியன்ஷிப்பை முடித்தால் பெயர்ப்பட்டியல் ஓடும், கதை முடிந்தது. ஒவ்வொரு காரைப் பற்றியும் லூகா சொல்லும் வரலாறும், அதை வடிவமைத்தவர்களே நடுவில் வந்து இரண்டு வார்த்தை பேசுவதும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கார்களின் மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள் செய்த கேம் இது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ரேஸ் எல்லாம் ஒரே அச்சு. ரோலிங் ஸ்டார்ட், அதாவது நின்று கிளம்பாமல் ஓடிக்கொண்டே தொடங்குவது. நீங்கள் கடைசி. உங்களுக்கு முன்னால் மற்ற கார்கள் எறும்பு வரிசையாக இடைவெளி விட்டு ஓடிக்கொண்டிருக்கும். கோட்டைத் தாண்டி கார் உங்கள் கைக்கு வரும்போது முதலில் இருப்பவன் அரை நிமிடத்துக்கு மேல் முன்னால் போயிருப்பான், சில டிராக்குகளில் இன்னும் அதிகம். உங்களிடம் இருப்பது இரண்டு லேப்போ ஐந்து லேப்போ. அதற்குள் அத்தனை பேரையும் தாண்டிப் போய் அவனைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிடலாம், அதுதான் பிரச்சினையே. நடுவில் இருக்கும் கார்கள் திருப்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் அடிக்கும், கால் எடுக்கத் தேவையில்லாத இடத்தில் கால் எடுக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முதல் காரை நெருங்கும்போது அதுவும் கடைசி லேப்பில் வேகத்தைக் குறைத்து வழிவிடுவது போலத்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிகிறது. தாண்டினால் ஜெயிப்பு, தாண்ட முடியாவிட்டால் நேரம் போதவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் பக்கமாக நின்று ஒரு திருப்பத்துக்காகச் சண்டை போடும் தருணம் ஒன்றுகூட வராது.

கடினமான ரேஸ்களுக்கு மிளகாய்ப் படம் போட்டிருப்பார்கள். அங்கேயும் இதே துரத்தல்தான், கார்கள் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். தகுதிச் சுற்று கிடையாது. நல்ல லேப் ஓட்டி முன்வரிசையில் இடம் பிடிக்கும் உரிமையை எனக்குக் கொடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். பிரேக்கை எங்கே அழுத்த வேண்டும் என்று மீட்டர் கணக்கில் சொல்லிக்கொடுத்த அதே கேம்தான் இப்படிச் செய்கிறது. இதை நினைத்தால்தான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

பழைய ஜிடி4 ஆடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே ஆறே கார்தான், ஆனால் பெரும்பாலான ரேஸ்களில் ஆறும் நின்ற இடத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பும். கையில் இருக்கும் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கி, சண்டே கப்பில் ஓட்டி, பரிசாக வந்த காரை விற்று, அடுத்த காருக்குச் சேர்ப்போம். எந்தக் காரை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது நம் முடிவு. ஜிடி7-இல் அடுத்து எந்தக் கார் என்பதை லூகா முடிவு செய்துவிடுகிறார். காரை விற்கும் வசதியே கேம் வந்த அன்று இல்லை, 2022 நவம்பர் அப்டேட்டில்தான் கொடுத்தார்கள். எட்டு மாதம், தேவையில்லாத காரைக் கேரேஜில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காசு விஷயத்துக்கு வருவோம். வந்த புதிதில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2022 மார்ச் 17 அப்டேட்டில் பல ரேஸ்களின் பரிசுத்தொகையைக் குறைத்தார்கள். அதே சமயம் சர்வர் ஒரு நாளுக்கும் மேலாகப் படுத்துவிட்டது. தனியாக ஆடும் கஃபேக்கே சர்வர் வேண்டும் என்பதால் காசு கொடுத்து வாங்கியவர்கள் கேரேஜைக்கூடத் திறக்க முடியவில்லை. எல்லோரும் கொதித்துப் போனார்கள். தயாரிப்பாளர் கஸுனோரி யமாவுச்சி விளக்கம் கொடுத்தார், ஆளுக்குப் பத்து லட்சம் கிரெடிட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வந்தது, ஏப்ரலில் பரிசுத்தொகையை நன்றாகவே ஏற்றினார்கள். சம்பாதித்து வைத்துக்கொள்ளும் உச்சவரம்பும் இரண்டு கோடியிலிருந்து பத்துக் கோடியானது. அந்தத் திருத்தத்தை நான் மதிக்கிறேன்.

இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். கேமுக்குள் அபூர்வமான கார்களை விற்கும் லெஜண்டரி கார் கடையில் மெக்லாரன் எஃப்1 வந்தபோது விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட். ஸ்பா டிராக்கில் ஒரு மணி நேர ரேஸ் இருக்கிறது. யாரையும் இடிக்காமல் ஜெயித்தால் போனஸும் சேர்த்து 15 லட்சம். அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அதே ரேஸ், அதே கார்கள். உண்மைப் பணம் கொடுத்து வாங்குவதென்றால் 20 லட்சம் கிரெடிட் 20 டாலர், மெக்லாரனுக்கு 185 டாலர் ஆகும். அந்தக் காசில் புது கேமே இரண்டு வாங்கலாம். லெஜண்டரி கடையில் கார்கள் சுழற்சியில் வரும், சில நாளில் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று பலகை மாட்டிவிடுவார்கள். காசு சேர்ந்த அன்று கார் இருக்காது, கார் இருக்கும் அன்று காசு இருக்காது. தினமும் 42 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு ரூலெட் சீட்டு கிடைக்கும். அதில் ஐந்து பரிசுகளைக் காட்டி, பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னத் தொகையில் போய் நிற்கும். அதற்கு நான் இப்போதெல்லாம் ஆசைப்படுவதே இல்லை.

சம்பாதிப்பதற்காக எல்லோரும் ஓட்டும் டோக்கியோ எக்ஸ்பிரஸ்வே 600 ரேஸைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு லேப், சுத்தமாக ஓட்டினால் 8,25,000. இரண்டு பக்கமும் சுவர். சுவரில் லேசாக உரசினாலோ, பின்னால் வருபவன் நம்மை இடித்தாலோகூட அந்த போனஸ் போய்விடும், அது போனது ரேஸ் முடிந்த பிறகுதான் தெரியும். என் தவறு இல்லாத இடத்தில் என் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்குவது எந்த நியாயத்திலும் சேராது.

பணத்தையும் காத்திருப்பையும்கூட நான் மன்னித்துவிடுவேன். எனக்கு ஆகாதது அந்த ரோலிங் ஸ்டார்ட்தான். ஏனென்றால் வேறு மாதிரி செய்ய அவர்களுக்குத் தெரியும். சோனியின் செயற்கை நுண்ணறிவு ஆட்டக்காரரான சோஃபி 2023 நவம்பரில் ஸ்பெக் 2 அப்டேட்டில் பிஎஸ்5-க்கு நிரந்தரமாக வந்தது. முதலில் குயிக் ரேஸ், பிறகு நாமே அமைத்துக்கொள்ளும் கஸ்டம் ரேஸ். நான் இப்போது ஆடுவது முக்கால்வாசி இதைத்தான். எல்லோருக்கும் ஒரே மாஸ்டா ரோட்ஸ்டர், எல்லோரும் வரிசையில் நின்று கிளம்பும் கிரிட் ஸ்டார்ட், பின்தங்கிய காருக்கு வேகம் கூட்டும் பூஸ்ட்டை அணைத்துவிட வேண்டும், முன்னால் போகும் காரின் பின்னால் காற்றுத் தடை குறையும் ஸ்லிப்ஸ்ட்ரீமை ரியல் என்று வைக்க வேண்டும், நம்மை வரிசையின் நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். விளக்கு அணைந்ததும் தெரியும் வித்தியாசம். உள்பக்கமாக மூக்கை நுழைத்தால் சோஃபி பதறாமல் ஒரு கார் அளவுக்கு இடம் விடும். நான் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து முன்னால் போய்விட்டேன் என்று நினைக்கும்போது, அது திருப்பத்தை அகலமாக எடுத்து, வெளியே வரும்போது என் உள்பக்கத்தில் வந்து நிற்கும். அடுத்த திருப்பம் வரை கதவோடு கதவு. லைசென்ஸ் டெஸ்ட்டில் கற்ற அத்தனையும் அந்த இரண்டு திருப்பத்தில் தேவைப்படும். இதற்காகத்தான் இந்த கேமை வாங்கினேன் என்று மனசு நிறைந்துபோகும்.

அந்த ரேஸ் முடிந்தால் கையில் கொடுப்பது சில்லறை. லாரிகளைத் தாண்டியதற்கு எட்டு லட்சம், உண்மையில் ரேஸ் விட்டதற்குச் சில்லறை. 2025 டிசம்பரில் ஸ்பெக் 3 அப்டேட்டோடு பவர் பேக் என்று ஒன்றைத் தனியாகக் காசுக்கு விட்டார்கள். பிஎஸ்5-க்கு மட்டும், 50 ரேஸ், புது சோஃபி, பயிற்சியும் தகுதிச் சுற்றும் வைத்து முழு ரேஸ் வார இறுதி. நாங்கள் முதல் நாளிலிருந்து கேட்டது இதைத்தான். கேமுக்கு உள்ளேயே இருந்திருக்க வேண்டியதை இத்தனை வருடம் கழித்துத் தனி விலைக்கு விற்கிறார்கள்.

அதனால் தம்பிக்கு என் பதில், வாங்காதே. தனியாக ஆடி, படிப்படியாக முன்னேறி, ஒரு டிரைவராக வளரும் அனுபவம் வேண்டுமென்றால் இந்த கேமில் அது இல்லை. பத்துக்கு நான்கு கொடுப்பேன். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு நான்குதானா என்று கேட்பீர்கள். ஆமாம், நான்குதான். மோசமான கேமாக இருந்திருந்தால் ஆறு கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். இவ்வளவு தெரிந்தவர்கள் இப்படிச் செய்ததால்தான் நான்கு.

இந்த கேமைச் செய்த பாலிஃபோனி டிஜிட்டலிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. புது கார் வேண்டாம், புது டிராக் வேண்டாம். கஃபேயின் 39 மெனுவையும் சோஃபியோடு, கிரிட் ஸ்டார்ட்டில், தகுதிச் சுற்று வைத்து, அதே பரிசுத்தொகையில் திறந்துவிடுங்கள். முதல் மெனுவிலிருந்து திரும்ப ஆட நான் தயார்.