நெட்லோகோ: கோட்பாட்டில் விட்டுப்போன வரிகளை எழுத வைக்கும் மென்பொருள்

சமூகவியல் கோட்பாடு கற்பிக்கிறவன் என்ற முறையில் நெட்லோகோவை மனதாரப் பரிந்துரைக்கிறேன். யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய இந்தச் சிமுலேஷன் மென்பொருள், அதாவது விதிகளை எழுதிக்கொடுத்து அவற்றின் விளைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள், இலவசம். மூலநிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கணினியில் நிறுவாமல் உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு.

உடன் வரும் மாதிரி நூலகத்தில், பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங்கின் குடியிருப்புப் பிரிவினைக் கோட்பாட்டைத் தழுவிய மாதிரியை முதலில் திறந்து பாருங்கள். திரையில் இரண்டு நிறத்து முகவர்கள், அதாவது கொடுத்த விதிப்படி தாமாகவே நடந்துகொள்ளும் கற்பனைக் குடியிருப்பாளர்கள். நெட்லோகோ இவர்களை 'ஆமைகள்' என்கிறது. அக்கம்பக்கத்தில் 30 சதவீதம் பேர் தன் நிறத்தவராக இருந்தாலே ஒவ்வோர் ஆமைக்கும் திருப்தி; இல்லையென்றால் அது இடம் மாறும். ஆனாலும் ஓட்டம் நின்றபின் பார்த்தால், அண்டைவீட்டாரில் சராசரியாக ஏறத்தாழ 70 சதவீதம் பேர் தன் நிறத்தவர். எவரிடமும் கடும் வெறுப்பு இல்லாமலே ஊர் பிளந்துவிடுகிறது.

பலர் இந்தப் படத்தை வியந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் நிரல் பக்கம். ஓர் ஆமைக்கு அண்டைவீட்டாரே இல்லையென்றால் அதற்குத் திருப்தியா, இல்லையா? நிரலின்படி திருப்திதான்: பூஜ்ஜியத்தில் 30 சதவீதமும் பூஜ்ஜியம், எனவே நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. தனிமையை நிம்மதி என்று கொள்ளலாமா என்பது சமூகவியல் கேள்வி. அதற்கான விடை இங்கே ஒரு பெருக்கல் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. இடம்பெயரும் விதத்தையும் கவனியுங்கள். ஷெல்லிங் 1971இல் எழுதிய கட்டுரையில், அதிருப்தி கொண்டவர் தனக்கு ஒத்துவரும் அருகிலுள்ள காலியிடத்துக்குப் போகிறார். நெட்லோகோ மாதிரியிலோ ஆமை ஏதோ ஒரு திசையில் நகர்ந்து, காலியாகக் கிடைத்த இடத்தில் அமர்கிறது. அங்கே திருப்தி கிடைக்குமா என்று முன்கூட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை பக்கம் கட்டுரை எழுதினாலும் நாம் தொடாமல் விட்டுவிடும் இந்த முடிவுகளை நிரல் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கோட்பாடு கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஓட்டத்தை நம்பி முடிவு சொல்லாதீர்கள். 'பிஹேவியர்ஸ்பேஸ்' என்ற கருவி, நீங்கள் குறிப்பிடும் அளவுகளை ஒவ்வொன்றாக மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டி முடிவுகளை அட்டவணையாகத் தருகிறது. விருப்பச் சதவீதத்தை மிக உயர்த்தினால், ஆமைகள் எங்கும் நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டே இருப்பதையும், பிரிவினையே உருவாகாமல் போவதையும் காண்பீர்கள். உங்கள் கோட்பாடு எந்த எல்லைவரை செல்லும் என்பது அந்த அட்டவணையில்தான் தெரியவரும்.

ஓர் உண்மையான நகரின் நாளைய நிலையைக் கணித்துத் தர இந்த மாதிரியை நம்பக் கூடாது; இந்த விதிகளிலிருந்து இந்த விளைவு பிறக்கக்கூடும் என்பது வரைதான் இது காட்டும். லட்சக்கணக்கான முகவர்களை இறக்கினால் வேகமும் குறையும். அந்த அளவு தேவைப்படுகிறவர்கள், ஜாவா நிரல்மொழி தெரிந்தவர்களாக இருந்தால், மேசன் (MASON) என்ற சிமுலேஷன் மென்பொருளைப் பார்க்கலாம்.