பழத்தோல் பாக்டீரியாவா, பால் பாக்டீரியாவா?

புரோபயாடிக் (உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்) கலந்த பழச்சாறு ஆய்வுக்கு, சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும் லாக்டிக் அமில பாக்டீரியாவைப் பாலிலிருந்து பிரித்தெடுப்பதா, பழத்திலிருந்தா என்ற கேள்வி வந்தபோது, நான் பழத்தையே தேர்ந்தெடுத்தேன். பாலுக்குச் சாதகமானவை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பிரித்தெடுப்பது சுலபம், பயன்பாட்டு அனுபவம் நீண்டது, பால் புரதம் இரைப்பை அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது.

பழத்தில் வேலை அதிகம். தோலில் ஈஸ்ட்டும் பூஞ்சையும்தான் பெரும்பான்மை. அவற்றை அடக்கும் மருந்தை, பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்காவிட்டால் வளர்ப்புத் தட்டு முழுக்க அவையே படர்ந்துவிடும். ஃப்ரக்டோபேசிலஸ் மாதிரி சில பாக்டீரியா, குளுக்கோஸ் மட்டும் இருந்தால் சரியாக வளராது, ஃப்ரக்டோஸும் வேண்டும். கால்சியம் கார்பனேட் தூள் கலந்த தட்டில் ஒரு காலனியை (பாக்டீரியாத் திட்டை) சுற்றி மங்கல் கரைந்து தெளிவான வளையம் விழுந்தால், அது அமிலம் சுரக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டுக் குமிழி வராவிட்டால் (லாக்டிக் அமில பாக்டீரியாவில் பொதுவாக வராது), அப்புறம் பாக்டீரியாவைச் சாயமிட்டு வகை பிரிக்கும் கிராம் சாயச் சோதனை.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் ஒன்றுதான்: தாக்குப்பிடிக்கும் திறன். போதிய அளவில், உயிரோடு உள்ளே போனால்தான் அது புரோபயாடிக். பழச்சாறின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 3 முதல் 4 வரை. சேமித்து வைக்கும் நாளெல்லாம் பாக்டீரியா அந்தப் புளிப்பில்தான் கிடக்க வேண்டும்; அதைத் தாண்டினால்தான் இரைப்பை, பித்தநீர் என்ற பேச்சே வரும். தயிருக்கான பல்காரிகஸ் என்ற பாக்டீரியா பாலுக்குப் பழகிப் பல மரபணுக்களை இழந்துவிட்டது. அதன் மரபணுத்தொகுதி சுமார் 18 லட்சம் காரஇணைகள் (டிஎன்ஏவின் நீள அலகு). பழங்களில் அடிக்கடி கிடைக்கும் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவுக்கோ சுமார் 33 லட்சம். பலவகைச் சர்க்கரைகளை அது உண்ணும், அமிலம் தாங்கும், பழத்துக்குத் துவர்ப்பு தரும் டேனின்களை உடைக்கும் நொதியும் அதன் பல வகைகளில் உண்டு. பழச்சாறுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை.

ஆனால் பிளான்டாரம் என்ற பெயர் மட்டும் போதாது. ஒரே இனத்துக்குள்ளேயே ஒன்று பித்த உப்பைத் தாங்கும், இன்னொன்று மடியும். ஒவ்வொன்றையும் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களை மற்ற பாக்டீரியாவுக்குக் கடத்துமா என்பதையும் பார்த்தாக வேண்டும். குடல் சுவரில் ஒட்டும் திறனை நான் அதிகம் சோதித்ததில்லை, அதனால் அதில் எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

மனிதர்களிடம் நிரூபணம் என்று வந்தால் பழத்தின் கை தாழ்வுதான். அதன் பாக்டீரியாக்களில் பல இன்னும் சோதனைக்குழாயைத் தாண்டவில்லை. மனிதக் குடலிலிருந்து பிரித்த ராம்னோசஸ் ஜிஜி என்ற பாக்டீரியாவோ பல மருத்துவ ஆய்வுகளைக் கண்டது. நோய்க்காகக் கொடுப்பதென்றால், சரி, அப்படிச் சோதித்துத் தேறியதையே எடுங்கள். பால் சேராத பானம் செய்வதென்றால் பழத்தோலிலிருந்து தொடங்குங்கள்.