இந்திராநகரில் ஓர் ஆங்கில உச்சரிப்பு வகுப்பு: எது கட்டணத்துக்கு ஈடு, எது வீண்

பெங்களூர் இந்திராநகரில், நூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடியறையில் நடக்கும் ஆங்கில உச்சரிப்பு வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். ஏறத்தாழ இதே பாடத்திட்டத்தோடு கோரமங்களாவிலும் மாரத்தஹள்ளியிலும் வகுப்புகள் நடப்பதால், கீழே சொல்பவை அவற்றில் எதில் சேர நினைப்பவருக்கும் பயன்படும் என்பது மற்றொரு காரணம். வார இறுதிகளில் மட்டும் மூன்று மாதம் நடக்கிறது; கட்டணம் 14,000 ரூபாய், வரி தனி. சேரலாமா என்று கேட்டால், சேரலாம் என்றே சொல்வேன். ஆனால் விளம்பரப் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘அமெரிக்க உச்சரிப்பு’க்காகச் சேர வேண்டாம், அந்தப் பலகை ஒரு வார்த்தையும் சொல்லாத, அழுத்தமும் இசையும் கற்றுத்தரும் நடுப்பகுதிக்காகச் சேருங்கள்.

எங்கள் பிரிவில் தமிழர், தெலுங்கர், கன்னடர், இந்திக்காரர், வங்காளி என எல்லோரும் இருந்தனர். பெரும்பாலோர் மாலை நேரங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் மென்பொருள் ஊழியர்கள். இங்கிலாந்துக்குப் போக ஆயத்தமாகும் செவிலியர் இருவரும், ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுதவிருக்கும் மாணவர் சிலரும் இருந்தனர். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் மதிப்பெண் தரும் அளவுகோல்கள் நான்கு. அவற்றில் உச்சரிப்பும் ஒன்று, நான்குக்கும் சம எடை. அங்கே கேட்கப்படுவது வெள்ளைக்காரர்போலப் பேசுவது அன்று, கேட்பவர் சிரமமின்றிப் புரிந்துகொள்வது. இந்த வேறுபாட்டை ஆசிரியை முதல் நாளே எடுத்துச் சொன்னார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான அவர், பணியில் இருந்த காலத்தில் ஞானபாரதி வளாகத்திலுள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தில் ஒலியியல் பயிற்சி பெற்றவர். 1963இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சியின் பலன் வகுப்பில் தெரிகிறது. நாக்கு எங்கே இருக்க வேண்டும், மூச்சு எப்போது வெளிவர வேண்டும் என்று காரணத்தோடு சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் இந்த வட்டாரத்தில் அதிகம் இல்லை.

மிகச் சிறந்த பகுதி மூச்சைப் பற்றிய பாடம். வருகைப் பதிவேட்டின் பின்தாளை விரலகலத் துண்டுகளாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார். அதை உதட்டுக்கு நேரே ஓரங்குல தூரத்தில் தொங்கவிட்டு ‘பென்’ என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னபோது தாள் துடித்து விலகியது. நாங்கள் சொன்னபோது அசையவே இல்லை. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்திலும் அழுத்தம் பெறும் அசையின் தொடக்கத்திலும் வரும் வல்லின ப, ட, க ஒலிகளுக்குப் பின்னே சிறு மூச்சு வெடித்து வெளிவர வேண்டும். ‘பார்க்’ என்பது பூங்காவா, நாய் குரைப்பதா என்பதை ஆங்கிலேயரின் காது பெரிதும் அந்த மூச்சைக் கொண்டே பிரிக்கிறது. நாம் சொல்லும் மூச்சில்லாத ‘பார்க்’ அவர்களுக்குக் குரைப்பாகவே கேட்கக்கூடும். அதே எழுத்து ‘ஸ்பின்’ என்ற சொல்லில் ஸகரத்துக்குப் பின் வரும்போது மூச்சு தேவையில்லை; தாளும் அசையாது. அடுத்தடுத்து இரண்டையும் சொல்லிப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும். தமிழில் மூச்சோடு ஒலிக்கும் வர்க்க எழுத்துகள் இல்லாததால்தான் நமக்கு இது வரவில்லை என்று ஆசிரியை சொன்னது பாதி உண்மைதான். மகாப்பிராணம் எனப்படும் அந்த எழுத்துகளை எழுத்துப்பாடத்திலேயே கற்ற கன்னடர்களும் இந்திக்காரர்களும்கூட அதை ஆங்கிலத்துக்கு எடுத்துவருவதில்லை. அன்று அவர்களுடைய தாளும் அசையாமலேதான் இருந்தது.

நமக்கென்றே உள்ள சிக்கல் வேறொன்று. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தமிழில் தானாகவே அதிர்ந்து ஒலிக்கும். பம்பரத்தின் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒன்றல்ல என்பதை நாம் கவனிப்பதே இல்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் கூடவே வருகிறது. ‘கம்பெனி’, ‘சிம்பிள்’, ‘இம்பார்ட்டன்ட்’ ஆகியவற்றை நம்மில் பலர் பம்பரத்தின் இரண்டாம் பகரத்தைக் கொண்டே சொல்கிறோம். தமிழ் அறியாத ஆசிரியைக்கு இந்த விதி தெரியவில்லை. ஆனால் தவறு அவர் காதில் உடனே பட்டது. மகர மெய்யில் உதட்டை மூடிக் கணநேரம் நிறுத்தி, பிறகு ‘பெனி’யைத் தனிச்சொல்போலத் தொடங்கச் சொன்னார். சிவாஜிநகரிலிருந்து வரும் தம்பி ஒருவர் இரண்டே வாரத்தில் இதைச் சரிசெய்துகொண்டார். அவர் தலைமையில் நடக்கும் காலைக் கூட்டங்களில் ‘கம்பெனி’ என்ற சொல் ஓயாமல் வருமாம்.

பாடத்திட்டத்தின் நடுவில் ஐந்து வாரங்கள் அழுத்தத்துக்கும் இசைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. கொடுத்த பணம் முழுவதும் இங்கேதான் திரும்பி வருகிறது. நாம் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் நிறுத்திப் பேசுபவர்கள். ஆங்கிலமோ ஓர் அசையை உயர்த்தி நீட்டி, மற்றவற்றை நசுக்கிவிடும். ‘டெவலப்’ என்பதில் எடுப்பு, அதாவது அந்த அழுத்தம், இரண்டாம் அசையில் இருக்க, நாம் முதலசையில் ஏற்றுகிறோம். ‘ஹோட்டல்’, ‘ஈவென்ட்’ ஆகியவையும் அப்படியே. ‘ஃபோட்டோகிராஃப்’ சொல்லும்போது முதலசையில் இருந்த எடுப்பு, அதை எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. தாவியதும் முதலசையின் உயிரொலி சுருங்கிப்போகிறது. உயிரொலி இடத்துக்கேற்பச் சுருங்குவது தமிழ் படித்தவருக்குப் புதிதன்று. ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறையும் குற்றியலுகரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாம். ரப்பர் வளையத்தை இரு கட்டைவிரல்களிலும் மாட்டிக்கொண்டு, எடுப்புள்ள அசை வரும்போது மட்டும் இழுத்து, மற்ற அசைகளில் தளரவிட்டுப் பயிற்சி செய்தோம். பெரியவர்களுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது.

இந்த ஐந்து வாரங்களில் கற்றவற்றில் இரண்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இவை வேலையையே பாதிக்கக்கூடியவை. முதலாவது, ‘முடியும்’ என்பதற்கும் ‘முடியாது’ என்பதற்கும் இடையிலான குழப்பம். ‘ஐ கேன் ஃபினிஷ் இட் டுடே’ என்று நாம் ‘கேன்’ என்பதை முழுதாக, அழுத்தமாகச் சொல்கிறோம். அமெரிக்கர்களோ சாதாரணமாகப் பேசும்போது அதைக் ‘கன்’ என்று விழுங்கிவிட்டு வினைச்சொல்லில் எடுப்பு வைப்பார்கள். மறுக்கும்போதுதான் உயிரொலி முழுதாக வரும், இறுதி டகரமோ பல நேரம் காதில் விழாது. ஆகவே, இன்றே முடித்துவிடலாம் என்று நாம் உறுதி சொல்ல, முடியாதாமே என்று அவர் குறித்துக்கொள்ள நேரலாம். இதைக் கேட்டதும் வகுப்பில் இருந்த மென்பொருள்காரர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இரண்டாவது, எண்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும், பதின்மூன்றுக்கும் முப்பதுக்கும் ஆங்கிலத்தில் வேறுபாடு இறுதி மெய்யை மட்டும் நம்பி இல்லை. ‘ஃபிஃப்டீன்’ என்பதில் இரண்டாம் அசை நீண்டு எடுப்புப் பெறுகிறது, ‘ஃபிஃப்டி’ என்பதில் முதலசை பெறுகிறது. மருந்தின் அளவை மில்லிகிராமில் வாய்மொழியாகச் சொல்ல வேண்டிய செவிலியர் இருவரையும் ஆசிரியை இதில் விடவே இல்லை. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன பிறகும் பயிற்சி தொடர்ந்தது.

வாக்கிய எடுப்பைப் பற்றிய பாடம் நன்றாக இருந்தது, ஆனால் நமக்கேற்ற வழியில் சொல்லப்படவில்லை. தமிழில் எதை வலியுறுத்துகிறோமோ அதில் ‘தான்’ சேர்த்துவிடுகிறோம்: நான்தான் அனுப்பினேன், நேற்றுத்தான் அனுப்பினேன், அனுப்பத்தான் செய்தேன். குரலை ஏற்றவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரலே செய்கிறது; ஒரே வாக்கியத்தில் ‘ஐ’ மீது ஏற்றினால் நான்தான், ‘யெஸ்டர்டே’ மீது ஏற்றினால் நேற்றுத்தான். இது புரியாமல் நாம் ‘டுடே ஒன்லி’ என்று ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறோம். ‘தான்’ வரும் இடத்தில் குரலை ஏற்றுங்கள் என்று ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், மேலேறும் கோடும் கீழிறங்கும் கோடுமாக ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொண்டது.

நமக்கு எளிதாக வரும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாடகை வண்டியான ‘கேப்’, தலையில் அணியும் ‘கேப்’ இரண்டையும் பிரிப்பது இறுதி மெய்யைவிட அதற்கு முந்திய உயிரொலியின் நீளமே. வண்டிக்குச் சற்று நீட்ட வேண்டும். குறில் நெடில் பேதத்தோடு வளர்ந்த தமிழ், தெலுங்கு, கன்னடக் காதுகள் இதை முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டன.

இனிக் குறைகள். நாக்கைப் பற்களுக்கிடையே நீட்டி ‘திங்க்’, ‘தட்’ சொல்லும் பயிற்சிக்கு இரண்டு வாரம் செலவாகிறது. நமது தகரத்தைக் கொண்டு அந்தச் சொற்களைச் சொன்னால் எவருக்கும் புரியாமல் போவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தமக்குள் பேசும்போது எந்த ஒலிகள் புரிதலைக் காப்பாற்றுகின்றன என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இந்த ஒலியைச் சேர்க்கவே இல்லை. தொடக்க வல்லினத்தின் மூச்சு, உயிரொலியின் நீளம், வாக்கிய எடுப்பு ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறார். ஜெர்மானியரோடும் ஜப்பானியரோடும் பேசும் பெங்களூர்க்காரருக்கு அந்தப் பட்டியல் பெரிதும் பொருந்தும். ‘கன்’ போன்ற சுருங்கிய வடிவங்களையும் அவர் விட்டுவிடுகிறார். அமெரிக்கரோடு நாள்தோறும் பேசுபவர்கள் அதை விட முடியாது என்பது என் கருத்து. கடைசி இரண்டு வாரங்களில் வரும் அமெரிக்க ரகரப் பயிற்சி வெறும் அலங்காரம். நாக்கைச் சுருட்டிச் சுருட்டிப் பழகிய சிலர், அழுத்தத்தில் கற்றதையும் மறந்து பேசத் தொடங்கினர்.

கட்டணத்தோடு சேர்த்துத் தரும் கைபேசிச் செயலி மிகச் சுமார். நாம் சொல்லும் வாக்கியத்தை ஒலி ஒலியாகப் பிரித்துப் பச்சை, சிவப்பு காட்டி விழுக்காடு போடுகிறது. எடுப்பைத் தவறான அசையில் வைத்துச் சொன்னாலும் பச்சையே காட்டுகிறது. இதற்குப் பதில் கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தைத் திறந்தால், பிரித்தானிய ஒலிப்பையும் அமெரிக்க ஒலிப்பையும் இலவசமாகக் கேட்கலாம். எடுப்புள்ள அசைக்கு முன்னே சிறு மேற்கோடு இட்டிருப்பதையும் பார்க்கலாம். கைபேசியில் நம் குரலைப் பதிவுசெய்து, அதோடு ஒப்பிட்டுக் கேட்பது அந்தச் செயலியைவிடப் பலமடங்கு உதவுகிறது.

சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பது, ‘எவ்ரி’யை ‘யெவ்ரி’ என்பது, ஸகரத்தின் அதிர்வொலியை ஜகரமாக்கி ‘ஜீரோ’ என்பது ஆகியவற்றையும் திருத்துகிறார்கள். பெரும்பாலோருக்குச் சுட்டிக்காட்டினாலே போதும்.

வகுப்பில் ஆள் அதிகம். இருபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் ஒருவர் வாய் திறக்கும் நேரம் மிகக் குறைந்துவிடுகிறது; உச்சரிப்பு வகுப்பில் அது பெரிய குறை. தவறவிட்ட வகுப்பை வேறு பிரிவில் ஈடுசெய்யலாம் என்று சேரும்போது சொல்கிறார்கள். நடைமுறையில் அந்தப் பிரிவு வேறு பாடத்தில் இருக்கும். கட்டிய பணம் திரும்ப வராது, ஆனால் கேட்டால் இரண்டு தவணையாகக் கட்ட விடுகிறார்கள். முதல் வகுப்பு இலவசம் என்பதால், அன்றே பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்து, அழுத்தத்துக்கும் வாக்கிய எடுப்புக்கும் எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிவிடுங்கள். மூன்றுக்குக் குறைவாக இருந்தால் வேறிடம் பார்க்கலாம். எழுதவும் படிக்கவும் வந்தும் வாக்கியம் அமைத்துப் பேச இன்னும் தடுமாறுபவர்களுக்கு இது ஏற்ற வகுப்பு அன்று. அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி முதலில் வேண்டும். ஞாயிறு மாலைப் பிரிவில் கூட்டமும் தெருவின் இரைச்சலும் அதிகம் என்பதால் சனிக்கிழமை காலைப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. இந்திராநகர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வந்துவிடலாம்.