திடீர் விரிவா, கூம்பு விரிவா?

50 மி.மீ. குழாயில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் தண்ணீர் 100 மி.மீ. குழாய்க்குள் நுழைகிறது. வேகம் 1 மீட்டராகக் குறையும், அழுத்தமோ ஏறும். (இறங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.) இழப்பே இல்லையென்றால் ஏற்றம் 7.5 கிலோபாஸ்கல்.

சட்டென்று விரியும் இணைப்பில் கிடைப்பது 3 கிலோபாஸ்கல் மட்டுமே. செங்குத்தான மூலையில் தண்ணீரால் வளைந்து திரும்ப முடியாது; தாரையாக நேரே பாய்கிறது, மூலைகளில் சுழல்கள் உருவாகின்றன. அங்கே அழுத்தம் ஏறக்குறைய குறுகிய குழாயில் இருந்த அளவிலேயே நிற்கிறது. தாரை விரிந்து சுவரைத் தொட்ட பிறகுதான் முழு ஏற்றமும் தெரியும். மீதி 4.5 கிலோபாஸ்கல் சுழல்களில் தேய்ந்து வெப்பமாகிவிடுகிறது. இதுவே போர்டா-கார்னோ இழப்பு. வேக வேறுபாட்டின் வர்க்கத்தோடு வளர்வது.

மொத்தக் கோணம் 7 பாகை அளவுள்ள கூம்பு அந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்டுத்தரும். குழாயில் ஓட்டத்தை அளக்கும் கருவியான வெஞ்சுரிமானியின் பின்பகுதி நீண்டிருப்பது இதனால்தான். ஆனால் இடத்தை விழுங்கும்: இங்கே சுமார் 40 செ.மீ. நீளம் வேண்டும். இடமில்லையே என்று 60 பாகையில் குட்டைக் கூம்பு வைப்பது வீண்வேலை. இழப்பு திடீர் விரிவைவிடவும் சற்றுக் கூடிவிடும். அதற்குச் சட்டென்று விரியும் இணைப்பே மேல், செலவாவது மிச்சமாகும்.