சாமான் லாரி பின்னால் வரட்டும்: வழியில் லிட்டில் ரண்ணா, ஜெய்சல்மேரா?

மதுரையிலிருந்து ஜோத்பூருக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கு நடுவில் சில நாள் சும்மா கிடைக்கும். சாமான் ஏற்றிய லாரி, தனி வண்டியாக இருந்தாலே போய்ச் சேர ஆறேழு நாள் ஆகும். அடுத்தவர் சாமானோடு சேர்த்து அனுப்பும் பார்ட் லோடு என்றால் பத்து, பதினைந்து நாள்கூட இழுக்கும். காரில் கிளம்பினால் பெங்களூரு, ஹூப்ளி, புனே, சூரத் வழியாக அகமதாபாத் சுமார் 1,900 கி.மீ. நாளுக்கு 480 கி.மீ. வீதம் ஓட்டினால் நான்காம் நாள் இரவு சேர்ந்துவிடலாம். காலி வீட்டில் பாய் விரித்துக்கொண்டு லாரிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பதைவிட, இரண்டு நாளைப் பாலைவனத்துக்குக் கொடுப்பது மேல்.

எந்தப் பாலைவனம் என்பதுதான் கேள்வி. அகமதாபாத்துக்கு மேற்கே சுமார் 95 கி.மீ. போனால் தசாடா, ஜைனாபாத் என்ற ஊர்கள். அங்கிருந்து குஜராத்தின் உப்புச் சமவெளியான லிட்டில் ரண்ணில் உள்ள காட்டுக் கழுதை சரணாலயம். இன்னொன்று ஜெய்சல்மேர் பக்கத்து பாலைவனத் தேசியப் பூங்கா. பாவ்நகர் பக்கம் உள்ள வேலாவதர் வெளிமான் பூங்காவையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது புல்வெளி, வழியை விட்டும் விலகியிருக்கிறது, விட்டுவிடலாம்.

என் ஓட்டு லிட்டில் ரண்ணுக்கு. விலங்கு கண்ணில் படுவதைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. 2024 கணக்கெடுப்பில் அங்கே 7,672 காட்டுக் கழுதைகள்; ஜீப் ஏறினால் பார்க்காமல் திரும்புவது அரிது. ஜெய்சல்மேரில் எல்லாரும் தேடிப் போவது கானமயில் என்கிற பெரிய பறவையை. நாடு முழுக்கவே 200-க்கும் கீழேதான் மிச்சம், அதைப் பார்ப்பது அதிர்ஷ்டம். மணல்மேட்டைப் பார்க்கத்தான் ஆசை என்றால் ஜெய்சல்மேர்தான். அங்கும் பூங்காவில் ஐந்தில் ஒரு பங்குதான் மணல்மேடு, மற்றதெல்லாம் பாறையும் சரளையும் முள் புதரும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது விலங்கோ மணலோ கிடையாது. காருக்குள் இருக்கும் சுமைதான்.

ஐந்து பேர் உட்காரும் சின்னக் கார், ஆட்களையும் சேர்த்துத் தாங்குவது 400 கிலோவை ஒட்டித்தான். நாலு பேர் ஏறினால் 260 போய்விட்டது. மிச்சம் 140 கிலோவில் துணிப்பெட்டி, எவர்சில்வர் பாத்திரச் சாக்கு, லாரியை நம்பி விட மனம் வராத சாமி படம் எல்லாம் அடங்க வேண்டும். புத்தகம் அடுக்கிய ஓர் அட்டைப்பெட்டியே 20 கிலோ. பின்பக்கம் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கிவிடும். சீட் காலியாக இருந்தபோது தட்டாத வேகத்தடை இப்போது சைலன்சரைத் தட்டும். இந்த நிலையில் மணலில் இறக்கினால், தேரிக்காட்டுச் செம்மணலில் கார் மாட்டி முழித்தவர்களுக்குத் தெரியும், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழிதான் பறிக்கும்.

ஆகவே இரண்டு இடத்திலும் உள்ளே போக வாடகை ஜீப்தான். அந்த நேரத்தில் சாமானோடு இருக்கும் உங்கள் கார் எங்கே நிற்கும்? தசாடா, ஜைனாபாத்தில் தங்குமிடத்தின் வளாகத்திலேயே கார் நிற்கும், ஜீப்பும் அங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளும். சாமானில் ஒன்றைக்கூட இறக்க வேண்டாம். ஜெய்சல்மேரில் கோட்டைச் சந்துகளுக்குள் கார் நுழையாது, வெளியே பொது இடத்தில் விட வேண்டும். சம் மணல்மேட்டுக்கு ஊரிலிருந்து 40 கி.மீ., பூங்காவில் கானமயில் தேடிப் போகும் சுதாசரிக்கு அதைத் தாண்டிப் போக வேண்டும். சாமானோடு காரை அங்கேயும் ஓட்டிப் போய்த் தங்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் விடலாம், அல்லது ஊரில் விட்டுவிட்டு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம். சான்றிதழ், நகை, மடிக்கணினி எல்லாம் காரில்தானே இருக்கும்.

தூரத்தையும் பாருங்கள். அகமதாபாத்திலிருந்து நேராக ஜோத்பூர் சுமார் 450 கி.மீ. தசாடாவுக்கு ஒதுங்கிப் போனால் கூடுவது நூறு கிலோமீட்டருக்குள். சாஞ்சோர், பார்மர் வழியாக ஜெய்சல்மேர் போய் ஜோத்பூர் திரும்பினால் 350 கி.மீ. கூடும். தவிர, ஜோத்பூரில் குடியேறிய பிறகு ஜெய்சல்மேர் 285 கி.மீ. தானே. மதுரைக்காரர் கன்னியாகுமரி போய் வருகிற மாதிரி, காலிக் காரில் ஒரு சனி ஞாயிறில் போய்விடலாம்.

ஜெய்சல்மேர் பாதைக்கு ஒரு நியாயம் உண்டு. பார்மர் சாலையில், ஊருக்கு 17 கி.மீ. முன்னால், ஆகல் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நம்மூர்த் திருவக்கரையை ரசித்தவர்களுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வராது.

லிட்டில் ரண்ணில் இடறுவது தேதி. ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை சரணாலயம் மூடியிருக்கும். மழைக்காலத்தில் அந்த நிலமே தண்ணீருக்குள் போய்விடும். பிள்ளைகளின் பரீட்சை முடிந்து கிளம்புகிறவர்கள் மே மாதத்துக்குள் போய்விடுவது நல்லது. மே வெயிலில் விடியுமுன் ஜீப் ஏறி ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் கானல் எழும்பி, தூரத்தில் நிற்கும் கழுதைக்குக் காலே இல்லாத மாதிரி தெரியும். படம் எடுத்தால் மங்கல்தான்.

கிளம்புமுன் சில வேலைகள். டயர் காற்றை, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குப் போட்டிருக்கும் அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போதே ஏற்றவும். ஓடி வந்த சூட்டில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து இறக்கிவிட வேண்டாம். கிரைண்டரை லாரியில் போடுங்கள். குழவியை வெளியே எடுத்துப் பழைய போர்வையில் தனியாகச் சுற்றவும். உள்ளேயே விட்டால் குலுக்கலில் டிரம் நசுங்கும், கல் ஓரம் சிதறும். கேஸ் சிலிண்டரை எதிலும் ஏற்றாதீர்கள். ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொண்டால் அங்கே புது இணைப்பு எடுக்க உதவும். பவர் பேங்க், ஸ்ப்ரே டப்பா, இன்சுலின் எதையும் பூட்டிய காருக்குள் வைக்கக் கூடாது. கார் டி.என். 58, 59, 64 எதுவானாலும் மதுரை ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கிவிட்டே கிளம்பவும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்றியாக வேண்டும், என்.ஓ.சி.க்காக ஜோத்பூரிலிருந்து திரும்ப வருவது கொடுமை.

இந்தச் சுமைக் கணக்கு பெட்ரோல், டீசல் கார்களுக்கு. மின்சாரக் காருக்கு சார்ஜர் எங்கெங்கே இருக்கிறது என்பதே பாதையைத் தீர்மானிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சொந்தக் காரைத்தான் ரண்ணில் இறக்குவேன் என்கிறவர்களுக்கு: மேலே வெள்ளையாகக் காய்ந்து கிடப்பது உப்புப் பொருக்கு, அடியில் சேறு. ஜீப்பின் பழைய சக்கரத் தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகாதீர்கள். வெளியே வந்ததும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ் போடச் சொல்லி, கூரையை விட்டுவிட்டு அடிப்பக்கத்தை அடிக்கச் சொல்லுங்கள். பிரேக், சைலன்சர் இணைப்பு, மட்கார்டு உள்பக்கம் மூன்றிலும்தான் உப்புச் சேறு அப்பியிருக்கும், துரு பிடிப்பதும் அங்கேதான்.