கட்டணமில்லாத பக்கமே போதும்: கோகோகே தீவில் ஒரு கடற்கரை நாள்

பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிவிட்ட இலங்கை மலையகக் குடும்பங்களில், ஊரிலிருந்து பார்க்க வருபவர்களைச் சொகுசுக் கப்பலில் ஏற்றி பஹாமாஸ் பக்கம் அழைத்துச் செல்லும் வழக்கம் இப்போது ஆங்காங்கே காணப்படுகிறது. அந்தப் பயணங்களில் பெரும்பாலும் ஒரு நாள், கப்பல் நிறுவனத்தின் சொந்தக் கடற்கரையில் கழிகிறது. டொரண்டோவில் வசிக்கும் அக்கா குடும்பத்தோடு நாங்கள் சென்ற ரோயல் கரீபியன் நிறுவனத்தின் கோகோகே அத்தகைய இடங்களுள் மிகவும் பேசப்படும் ஒன்று. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து முதன்முறையாகச் செல்லும் ஒரு குடும்பம், குறிப்பாக வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பம், அந்த நாளை எப்படித் திட்டமிட வேண்டும், எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்ட வேண்டியதில்லை என்பதை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. வரைபடத்தில் இதன் பெயர் லிட்டில் ஸ்டிரப் கே. பஹாமாஸின் பெர்ரி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. பரப்பளவு நூறு ஏக்கருக்குச் சற்றே மேல் என்பதால், தேயிலைத் தோட்டமொன்றின் ஒரு டிவிசன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். 2019 மே மாதம் வரை கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 250 மில்லியன் டொலர் செலவில் தீவு மாற்றியமைக்கப்பட்டபோது பெரிய இறங்குதுறையும் கட்டப்பட்டதால், இப்போது கப்பலிலிருந்து நேராக நடந்தே கரை சேரலாம். முழங்கால் வலியோடு படகில் ஏறி இறங்கத் தயங்கும் பெரியவர்களுக்கு இந்த ஒன்றே பெரும் வசதி. பக்கத்துத் தீவான கிரேட் ஸ்டிரப் கேயை நோர்வீஜியன் நிறுவனம் 1977இலேயே வாங்கிவிட்டது. டிஸ்னி நிறுவனத்தின் தீவு 1998இல் திறக்கப்பட்டது. கார்னிவல் நிறுவனம் 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமா தீவில் செலிப்ரேஷன் கீயைத் திறந்திருக்கிறது. ஆகவே எந்தக் கப்பலில் ஏறினாலும் இதே மாதிரியான ஒரு நாள் காத்திருக்கும் என்றே எண்ணிக்கொள்ளலாம். இங்கே சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

நமக்குப் பழக்கமான கடற்கரைப் பயணம் வேறு விதமானது. பாடசாலை விடுமுறையில் வேன் பிடித்து, இரவே புறப்பட்டு, கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலையை அடைந்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்து, கோணேசர் கோயிலில் கும்பிட்டு, பிறகு நிலாவெளியில் இறங்குவோம். அடுப்பும் அரிசியும் கட்டசம்பலும் வேனிலேயே வரும். கடலில் இறங்குவதற்குக் காசு கிடையாது, ஆனால் உடை மாற்ற இடம் தேடுவதிலும் கழிவறை தேடுவதிலும் பெண்கள் படும் பாடு சொல்லி மாளாது. கோகோகேயின் உண்மையான பெருமை அங்கேதான் இருக்கிறது. நூறு அடி நடந்தால் ஒரு கழிவறை, உப்பைக் கழுவ ஆங்காங்கே நன்னீர்க் குழாய், குளிக்கும் எல்லையைக் காட்டும் மிதவைக் கயிறு, கயிற்றுக்குள் இருப்பவர்களைக் கண்ணெடுக்காமல் பார்க்கும் உயிர்காப்பாளர்கள். நீந்தத் தெரியாதவர்களே அதிகமுள்ள மலைநாட்டுக் குடும்பத்துக்கு, சறுக்கு விளையாட்டுகளைவிட இந்த ஏற்பாடுகளே முக்கியம் என்பேன். உயிர்காப்பு அங்கி வேண்டுமென்றால் கேட்டதும் தருகிறார்கள். அதற்குக் கட்டணமில்லை.

கட்டணத்தைப் பற்றிய குழப்பமே இந்தப் பயணத்தில் மிகப் பெரியது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புறப்படுமுன் நாங்கள் விசாரித்த ஒரு பயண முகவர், கடற்கரையில் நாற்காலிக்கும் குடைக்கும் சேர்த்து ஒரு தொகுப்பு வாங்கிக்கொள்ளாவிட்டால் வெயிலில் நிற்க வேண்டியதுதான் என்று உறுதியாகச் சொன்னார். தீவில் இறங்கிய பிறகும் அண்ணி அந்தப் பயத்திலேயே குடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "அத்தை, இந்தக் குடைக்குக் காசு இல்லை, உட்காருங்கள்" என்று மருமகள் கையைப் பிடித்து உட்கார வைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றினார். சாய்வு நாற்காலி, சாதாரணக் குடை, கடற்கரைகள், ஒயாசிஸ் லகூன் என்னும் பெரிய நன்னீர்க் குளம், சிறுவர்களுக்கான நீர்த்தெளிப்பு விளையாட்டிடம், கப்பல் வடிவிலான விளையாட்டு மேடை, சில் கிரில், ஸ்கிப்பர்ஸ் கிரில், ஸ்நாக் ஷாக் ஆகிய உணவிடங்களில் சாப்பாடு, குடிதண்ணீர், எலுமிச்சைப் பானம் ஆகிய எல்லாமே கப்பல் கட்டணத்துக்குள் அடங்கியவை.

தனியாகப் பணம் கேட்பவை வேறு. 135 அடி உயரச் சறுக்கை உடைய நீர்ப்பூங்கா, 450 அடி வரை மேலே தூக்கிச் செல்லும் ஹீலியம் பலூன், கம்பிச் சறுக்கு, தண்ணீருக்கு மேல் கட்டப்பட்ட குடில்களைக் கொண்ட கோகோ பீச் கிளப், 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பெரியவர்களுக்கு மட்டுமான ஹைட்எவே பீச், நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி வாடகை, பாதுகாப்புப் பெட்டி என்று பட்டியல் நீளும். இவற்றின் விலை நிலையானதன்று. பயண நாளையும் பதிவு செய்யும் நாளையும் பொறுத்து ஏறி இறங்கும். நீர்ப்பூங்காச் சீட்டு மட்டும் ஆளுக்கு 100 டொலரைத் தாண்டும் நாட்கள் உண்டு. டொலர் 300 ரூபாயைச் சுற்றி நிற்கும்போது அது 30,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாயோடு வைத்துப் பார்த்தால், ஒருவர் சில மணி நேரம் சறுக்கி விளையாடும் செலவு மற்றொருவரின் இருபது நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவர் இருந்து, காலையிலிருந்து மாலை வரை அங்கேயே கிடப்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் அவர்களுக்கு மட்டும் வாங்கலாம். பெரிய சறுக்குகளுக்கு உயரக் கட்டுப்பாடு இருப்பதால், சிறு பிள்ளைகளுக்கு வாங்குமுன் அளந்து பார்ப்பது நல்லது. முழுக் குடும்பத்துக்கும் வாங்குவது வீண்.

வாங்குவதென்று முடிவு செய்தால் கப்பலில் ஏறிய பிறகு வாங்க வேண்டாம். புறப்படுவதற்கு முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். பின்னர் விலை இறங்கினால், புறப்படுமுன் பழைய பதிவை நீக்கிவிட்டு மீண்டும் பதிவு செய்யவும் முடியும். அக்காவின் மகன் இதைப் பங்குச் சந்தை பார்ப்பவரைப் போல நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திட்டத்தின் அடுத்த பகுதி காலநிலை. இங்கே நாம் மழையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்போம். சித்திரை கழிந்தால் கிழக்குக் கரை, மார்கழி பிறந்தால் தெற்குக் கரை என்பது பழகிய கணக்கு. பஹாமாஸில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அதைத் தவிர்த்துக் குளிர்காலத்தில் போகலாமென்றால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு. வடக்கிலிருந்து வரும் பலத்த காற்றில் அவ்வளவு பெரிய கப்பலை இறங்குதுறையில் கட்டுவது ஆபத்தாகிவிடுவதால், கடைசி நேரத்திலும் கப்டன் தீவைத் தவிர்த்துவிட்டுச் செல்லலாம். இந்தத் தீவில் அது அரிதாக நடப்பதன்று. அப்படி நேர்ந்தால் நிறுவனத்திடம் முன்கூட்டியே வாங்கிய தீவுச் சீட்டுகளின் பணம் திரும்பிவிடும், ஆனால் அந்த நாள் திரும்பாது. தீவுக்காகவே பயணம் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களைப் பார்ப்பது பொருத்தம். பாடசாலை விடுமுறையைக் கணக்கிட்டு டிசம்பர் இறுதியில் போனால் விலையும் உச்சம், காற்றும் ஐயம், கடல்நீர் சற்றுக் குளிராகவும் இருக்கும். நுவரெலியாவில் மார்கழிக் குளியலுக்குப் பழகியவர்களுக்கு அந்தக் கடைசிக் குறை பொருட்டாகாது.

கூட்டத்தையும் முன்பே அறிந்துகொள்ளலாம். இறங்குதுறையில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்கள் நிற்க முடியும். ஐகன் ஒஃப் த சீஸ் போன்ற ஒரு கப்பலில் மட்டும் நிரம்பிய நிலையில் 7,600 பயணிகள் வரை வரக்கூடும் என்றால், இரண்டு கப்பல்கள் நிற்கும் நாளில் கரை எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எந்த நாளில் எந்தக் கப்பல்கள் வருகின்றன என்பதைக் காட்டும் அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கின்றன. பயணத்தைப் பதிவு செய்யும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும். எந்த நாளாக இருந்தாலும், கப்பல் கட்டிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவதே அந்த நாளின் வெற்றிக்குக் காரணமாகும். கப்பலில் ஆறுதலாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்தரைக்கு இறங்குபவர்களுக்கு நிழலுள்ள நாற்காலி கிடைப்பது கடினம்.

கடற்கரைகளுள் எங்களுக்குப் பிடித்தது சவுத் பீச். கரையோரம் ஆழமில்லை. இறங்குதுறையிலிருந்து தள்ளி இருப்பதால் கூட்டமும் பிந்தியே சேர்கிறது. பெரியவர்களால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று அஞ்ச வேண்டாம். தீவைச் சுற்றி டிராம் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மணலில் தள்ளிச் செல்லக்கூடிய அகலச் சக்கர நாற்காலிகளும் கேட்டால் கிடைக்கும். சில் ஐலண்ட் என்னும் கடற்கரையில் தண்ணீர் இன்னும் தெளிவு. கீழே ஆங்காங்கே கல் தட்டுப்படும் என்பதால் ரப்பர்ச் செருப்போடு இறங்குவது நல்லது. ஒயாசிஸ் லகூன் குளம் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் நடுவே மதுச்சாலையும் ஓயாத இசையும் இருப்பதால் பேசிக்கொண்டிருக்க நினைப்பவர்களுக்கு உகந்ததன்று.

மணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையில் அள்ளினால் மாவு போல விரல்களுக்கிடையில் இறங்குகிறது. நிலாவெளி மணலின் சொரசொரப்பும் பொன்னிறமும் இதில் இல்லை. நண்பகலிலும் வெறுங்காலால் மிதிக்க முடிகிறது. அதே வெண்மைதான் வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கிறது. குடைக்குள் இருந்த எங்களுக்கே மாலையில் மூக்கும் காதும் கருத்துவிட்டன. மூடுபனியில் வளர்ந்த தோல் அந்த வெயிலைத் தாங்குவதில்லை என்பதால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். பவளப்பாறைக்குத் தீங்கு செய்யாத வகையை ஊரிலிருந்தே வாங்கிச் செல்ல வேண்டும். பெண்களின் உடையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால்வரை நீளும் நைலோன் காற்சட்டையும் அணிந்தவர்கள் அங்கே ஏராளம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பருத்திச் சுரிதாரோடு இறங்கினால் துணி நனைந்து கனத்துக் காலைச் சுற்றும், அதைத் தவிர்க்கவும். துவாயைக் கப்பலில் தருவார்கள். திருப்பிக் கொடுக்காவிட்டால் கணக்கில் பணம் ஏறும்.

உணவில் எனக்கு நிறைவு பாதிதான். ஸ்நாக் ஷாக்கின் பொரித்த கோழி சாண்ட்விச் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. சீனி தூவிய பொரித்த மாவுப் பலகாரத்தைப் பிள்ளைகள் விடவில்லை. சில் கிரில்லில் பர்கர், டாக்கோ, சலாது, பழங்கள் என்று வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சோறும் கறியும் என்ற நினைப்போடு போகக்கூடாது. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்களுக்கு மரக்கறி பர்கர், சலாது, பழம் என்ற அளவில்தான் முடியும். அப்படிப்பட்டவர்கள் கப்பலிலேயே காலைச் சாப்பாட்டை நன்றாக முடித்துக்கொண்டு சீக்கிரம் இறங்குவதுதான் வழி. பன்னிரண்டரை மணிக்கு எல்லா உணவிடங்களிலும் வரிசை நீளும் என்பதால் பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடலாம்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. இது ஊரில்லாத கரை. மீன் விற்பவரில்லை, கோயிலில்லை, தெருவில்லை. வேலை செய்பவர்களைத் தவிர பஹாமாஸ் மக்களைக் காணக் கிடைப்பதில்லை. இங்கே பார்ப்பதைக் கொண்டு பஹாமாஸைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஆவல் உள்ளவர்கள் தலைநகர் நசாவும் சேர்ந்த பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கே நடந்து திரியலாம்.

கடைசியாக நேரக் கணக்கு. கப்பல் பெரும்பாலும் மாலை ஐந்து மணியளவில் புறப்படும், அதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சரியான நேரத்தை அன்றைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும். கோடையில் இலங்கை நேரம் அங்குள்ளதைவிட ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் முன்னால் நிற்கும். ஊரிலுள்ளவர்களுக்குக் கடலைக் காட்ட வேண்டுமென்றால் இறங்கியவுடன் காலை எட்டு மணிக்கே வீடியோ அழைப்பை எடுத்துவிட வேண்டும். ஊரில் அப்போது மாலை ஐந்தரை அல்லது ஆறரை. பிற்பகலுக்கு ஒத்திப்போட்டால் ஹட்டனில் எல்லோரும் உறங்கியிருப்பார்கள். கப்பலில் வாங்கிய இணையத் தொகுப்பு தீவிலும் வேலை செய்கிறது, தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.